ஆவணி வரை பெயரில்லாத தபால் பெட்டி

எங்கள் பெற்றோரின் பொறுமையைப் பற்றி யாராவது மேடையேறிப் பேசத் தொடங்கினால் எனக்கு எழுந்து வெளியே போகத் தோன்றும். கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாக்களிலும் இது இப்போது வழக்கமாகிவிட்டது. நம்மைவிட இருபது வயது குறைந்த ஒரு பிள்ளை ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தலைமுறை எவ்வளவு பொறுத்தது, எவ்வளவு காத்திருந்தது என்று உருகும். நாமும் கைதட்டுவோம். என்னோடு இந்த நாட்டில் வளர்ந்து, இப்போது மூட்டுவலிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அவர்கள் காத்திருந்தது உண்மைதான். எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதைத்தான் யாரும் மேடையில் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் ஒரு முறை ஆவணி மாதத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஜெர்மனியில், ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருந்தோம். அந்தப் பக்கத்தில் அந்த நாட்களில் ஆறாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைத் தரம் பிரிப்பார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள் கிம்னாசியம் போய், பிறகு பல்கலைக்கழகம் போகலாம். மற்றவர்கள் ஹௌப்ட்ஷூல போய், சீக்கிரமாக ஒரு தொழில் பழக வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நம்மில் பாதிப் பேரை ஆசிரியர்கள் ஏறெடுத்தும் பார்க்காமல் இரண்டாவது வரிசையில் தள்ளியதும் தெரியும். எனக்கு வாய்த்த வகுப்பாசிரியை அப்படிப்பட்டவர் அல்ல. என் அறிக்கையில் கிம்னாசியம் என்று தன் கையால் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். போகும்போது ஒரு நீல மைப்பேனாவும் தந்தார். அதன் மூடியில் ஒரு பல் கடித்த அடையாளம் இருந்தது. அவருடைய சொந்தப் பேனாவாக இருக்க வேண்டும்.

அந்த வருடம்தான் அப்பாவுக்கு டுசல்டோர்ஃபில் நிரந்தர வேலை கிடைத்தது. அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, ஏற்கனவே அங்கே இருந்தார். பெரியம்மா இருக்கும் ஊருக்குப் போகிறோம் என்றதும் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீடு தேடியதும் பெரியம்மாதான். அப்பா போய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். ஆகஸ்ட் முதலாம் தேதியிலிருந்து வீடு எங்களுக்கு. அந்தத் தேதிக்குத் தமிழில் என்ன மாதம் என்று பார்க்க அப்பாவுக்குத் தோன்றவில்லை. அவரும் மனிதர்தானே, வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார்.

ஜூன் மாதம் அப்பாவும் நானும் ரயிலில் போய் அங்கே ஒரு கிம்னாசியத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். அந்தப் பள்ளிக்கூடத்தின் நீண்ட நடைவழி எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. தரைக்குப் பூசிய மெழுகு, ஈரச் சுண்ணக்கட்டி, யாரோ விட்டுப்போன ஆப்பிள். நடைவழியின் முடிவில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் பஞ்சடைத்த ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அதன் கீழே அதன் லத்தீன் பெயர் எழுதியிருந்தது. இனி ஒவ்வொரு நாளும் இந்தக் கொக்கைக் கடந்துதான் வகுப்புக்குப் போவேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அலுவலகத்தில் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு செயலாளர் இருந்தார். என் அறிக்கையைப் பார்த்துத் தலையாட்டினார். ஏழாம் வகுப்பில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருக்கிறது, அதை உனக்காக வைத்திருக்கிறோம் என்றார். ஆகஸ்டில் வீட்டுக்குக் கடிதம் வரும். கடிதம் கண்ட ஒரு வாரத்துக்குள், இந்த முகவரியில் குடியிருக்கிறோம் என்று நகராட்சியில் பதிந்த பத்திரத்தோடு நேரில் வரவேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். நான் அப்பாவுக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். அப்பா விண்ணப்பத்தில் புது வீட்டு முகவரியை நெஞ்சு நிமிர்த்தி எழுதினார்.

ஆகஸ்ட் முதலாம் தேதி, கடன் வாங்கிய வான் வண்டியில் எங்கள் சாமானெல்லாம் ஏற்றிக்கொண்டு அந்தப் புது வீட்டு வாசலில் போய் இறங்கினோம். மூன்றாம் மாடி. சாம்பல் நிறக் கட்டடம். வாசலில் பெரியம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வரவேற்க நிற்கிறார் என்று நினைத்தோம்.

"நீங்கள் நாள் பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

"என்ன நாள்?" என்றார் அப்பா.

"இண்டைக்கு ஆடி பதினாறு. ஆடியில ஆராவது குடிபூருவினமோ? எனக்கே காலமை கலண்டரைப் பாக்கேக்கைதான் ஓடி வெளிச்சுது."

ஆடி மாதத்தில் புது வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அம்மாவுக்கு முன்பே தெரியும். வீடு மாறும் அமளியில் மறந்துவிட்டிருந்தார். அவருடைய முகம் செத்துப்போனது. வானிலிருந்து இறக்கிய அரிசிப் பெட்டியைத் திரும்ப வானுக்குள் வைத்தார்.

"இஞ்சருங்கோ, என்னால ஏலாது," என்றார் அப்பாவிடம். "ஊரில கட்டின வீட்டுக்கும் உப்பிடித்தான் அந்தரப்பட்டு ஆடியில போனனாங்கள். எத்தினை மாதம் இருந்தனாங்கள்? யன்னலுக்குப் பூசின மை காயேல்லை, விட்டிட்டு ஓடினனாங்கள். இன்னொருக்கா நான் அப்பிடிச் செய்யமாட்டன்."

அப்பா வான் கதவைச் சாத்தினார். அன்றைக்கு எனக்கு அம்மாவின் பேச்சு முட்டாள்தனமாகப் பட்டது. போரையும் மாதத்தையும் போட்டுக் குழப்புகிறார் என்று மனதுக்குள் திட்டினேன். இப்போதும் குழப்பம்தான் என்று சொல்வேன். ஆனால் அந்த வீட்டின் யன்னல்களுக்கு என்ன நிறம் பூசியிருந்தார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

சாமானை என்ன செய்வது? அங்கேதான் பெரியம்மா நீதிபதியானார். ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டடத்தின் அடியில் ஓர் அறை உண்டல்லவா, அந்தக் கெல்லர். அது வீடு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அங்கே யாரும் சமைப்பதில்லை, படுப்பதில்லை, ஆகவே சாமான் வைக்கலாம். எங்கள் வாழ்க்கை முழுவதும் அந்த ஈர அறைக்குள் போனது. என் புத்தகங்களும் போயின. பிறகு எடுத்துப் பார்த்தபோது என் அட்லஸில் தென் அமெரிக்கா முழுவதும் பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. நாங்கள் நான்கு பேர், அப்பா, அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி, டிராமில் இருபது நிமிடம் தள்ளியிருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனோம். இரண்டு அறை. அங்கே ஏற்கனவே நான்கு பேர்.

அந்த மூன்று வாரத்தை எப்படிச் சொல்வது? குளியலறைக்கு வரிசை. பெரியம்மாவின் மகன்மார் இருவரும் காலுறைகளை மேசையில் வைப்பார்கள். பொரித்த மிளகாயின் நெடி திரைச்சீலையில் ஏறி, திரைச்சீலையிலிருந்து என் தலைமயிரில் ஏறியது. நீட்டிப் படுத்தால் கால் அலுமாரிக்குள் போகும். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள். பனங்கட்டிப் பொதி ஒன்று எங்கிருந்தோ வந்திருந்தது. ஆடிப்பிறப்பு எப்போதோ முடிந்துபோயும், இரண்டு நாளைக்கொரு முறை அந்தப் பனைவெல்லத்தைப் போட்டு ஆடிக்கூழ் காய்ச்சிக் குடித்தார்கள். ஆடி அவர்களுக்கு அப்படி இனித்தது.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். கடிதம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வரும் வழியில் அப்பா புது வீட்டுக்குப் போய் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். வீட்டுக்குள் போகக் கூடாது, தபால் பெட்டி கீழே வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதால் பார்க்கலாம் என்று அதற்கும் பெரியம்மாவிடம் உத்தரவு வாங்கியிருந்தார். வந்ததும் நான் முகத்தைப் பார்ப்பேன்.

"இன்னும் வரேல்லை பிள்ளை. எழுதுவம் எண்டவை. எழுதுவினம்."

பெட்டி ஏன் வெறுமையாக இருக்கிறது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. தெரியாமல் நடந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கவே மாட்டேன்.

அந்தக் கட்டடத்தில் படிக்கட்டுகளை வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறைவைத்துக் கழுவ வேண்டும். யாருடைய முறையோ அவர்கள் வீட்டுக் கதவுப்பிடியில் ஒரு சிறிய மரப்பலகை தொங்கும். குடியே போகாத எங்கள் கதவில் அது தொங்குவதை, கெல்லருக்குப் போனபோது, வாசலையாவது பார்ப்போம் என்று மூன்றாம் மாடிக்கு ஏறிய அப்பா கண்டுவிட்டார். வந்து சொன்னதும் அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. புது ஊரில் முதல் வாரமே ஊத்தை மனிதர் என்ற பெயரோ? பெரியம்மா யோசித்து, படி வாசலுக்கு வெளியேதானே இருக்கிறது, கழுவலாம் என்றார். மறுநாள் அம்மாவும் நானும் வாளியோடு போனோம். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூன்றாம் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டு இறங்கினார். எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு ஒரு விரல்கடை தூரம் வரை துணி போனது. அதற்கு மேல் போகவில்லை. கீழே வந்து தபால் பெட்டிகளையும் துடைத்தார். எட்டுப் பெட்டிகளில் ஏழில் பெயர் இருந்தது. பெயரில்லாத எங்கள் பெட்டியைத்தான் இரண்டு முறை துடைத்தார்.

கீழ் வீட்டுக்கார ஜெர்மன் பெண்மணி கதவைத் திறந்துகொண்டு இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயதானவர், தலையில் சுருள் போட்டிருந்தார். நீங்கள்தான் மூன்றாம் மாடியா என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். பிறகு எங்கள் பெட்டியைத் தட்டிக் காட்டினார். இதில் பெயர் ஒட்டவேண்டும், பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் எதையும் போடமாட்டார், அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார் என்றார். பழைய ஊரில் தபால்காரருக்கு எங்களைத் தெரியும். அதற்கு முன் இருந்த அகதி முகாமில் அலுவலகத்தில் பெயர் கூப்பிட்டுக் கடிதம் தருவார்கள். பெட்டிக்குப் பெயர் வேண்டும் என்பது எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அங்கேயே அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

"ஒட்டத்தானே போறம். பால் காய்ச்சின கையோட ஒட்டுவம்," என்றார் அம்மா.

"அதுக்கிடையில கடிதம் வந்தா?"

"பேர் போட்டா இருக்கிறம் எண்டுதானே அர்த்தம்? பேரைப் போட்டிட்டு நான் ஆடியில குடிபூரேல்லை எண்டு ஆருக்குச் சொல்லுறது?"

"அது வெளியிலதானே அம்மா! வெளியில ஒட்டுறதுக்கு ஆடி என்ன செய்யும்?"

"வாய் காட்டாதை. பத்து நாள் பொறுக்க ஏலாதோ உனக்கு?"

அன்று பெரியம்மா வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு மட்டையை வெட்டி, ஆசிரியையின் நீலப் பேனாவால் அப்பாவின் பெயரை எழுதினேன். இந்த நாட்டில் அதுதானே எங்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர். ஜெர்மன் எழுத்தில் பத்தொன்பது எழுத்து. தபால் பெட்டியில் பெயருக்கென்று இருந்த சிறிய சட்டத்துக்குள் அடங்குவதற்காக நான்கு முறை எழுதிப் பார்த்தேன். அம்மா அதை வாங்கி, வடிவாக இருக்கிறது என்று மெச்சி, பெரியம்மா வீட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். நல்ல நாளுக்காக.

நான் இன்னொன்று எழுதினேன்.

அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் அப்பாவோடு போனேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஏதோ பாத்திரம் எடுக்க அப்பா கெல்லருக்கு இறங்கினார். நான் பெயரைச் சட்டத்தில் வைத்து, ஒட்டுநாடாவால் ஒட்டி, பெருவிரலால் நன்றாக அழுத்தினேன். எட்டுப் பெட்டியிலும் இப்போது பெயர் இருந்தது. அப்பா மேலே வந்து அதைக் கண்டார். முதலில் சிரித்தார். தன் பெயரை ஒரு முறை மெதுவாக வாசித்தார். அவருடைய பெயர் அப்படி ஒரு வாசலில் அதுவரை இருந்ததில்லை. பிறகு நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, கிழியாமல் உரித்தெடுத்து, சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அம்மாவை ஏமாத்தேலாது பிள்ளை."

"அப்ப கடிதம்?"

"ஜெர்மன்காரன் எல்லாம் ஒழுங்காத்தான் செய்வான். முகவரி சரியாக் குடுத்தனான். எப்பிடியும் வரும்."

என்னுடைய பள்ளிக்கூடத்தைவிட அம்மாவின் ஆடி பெரிதா என்று கேட்க நினைத்தேன். டிராமில் யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அந்த மட்டை அப்பாவின் சட்டையோடு சலவை இயந்திரத்துக்குள் போய், நீலக் கறையாகி வெளியே வந்தது. சட்டை பழுதாகிவிட்டது என்று பெரியம்மா இரண்டு நாள் புலம்பினார். அவருக்கு அதுதான் நட்டம்.

பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுப்போம் என்றும் கெஞ்சிப் பார்த்தேன். அப்பா ஒரு முறை எடுத்தார். விடுமுறைக்காலம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நேரில் போவோம் என்றேன், பத்திரம் இல்லாமல் போய் என்ன செய்வது என்றார். பத்திரத்தையாவது முதலில் எடுத்து வைப்போம், நகராட்சியில் போய்ப் பதிவோம் என்றேன். அதற்கு அப்பா சொன்ன பதிலை இன்றைக்கும் நினைத்தால் தலையைச் சுவரில் முட்டத் தோன்றுகிறது. "இன்னும் குடிபூராத வீட்டில இருக்கிறன் எண்டு எப்பிடிப் பிள்ளை கையெழுத்து வைக்கிறது? பொய்யெல்லோ?" அப்படி ஒரு நேர்மை.

ஒருவழியாக ஆவணி பிறந்தது. பிறந்தும் போகவில்லை! முதல் நாள் அட்டமி. அடுத்தது செவ்வாய், ஆகாது. அதற்கடுத்த நாளில் அம்மாவின் நட்சத்திரத்துக்கு ஏதோ பொருத்தமில்லை. பாரிஸில் இருந்த ஓர் உறவினரிடம் பஞ்சாங்கம் இருந்தது. பெரியம்மா அவரைத் தொலைபேசியில் பிடித்து, ஒரு வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதைக் கண்டுபிடித்தார்.

அந்தக் காலையில் வலது காலை வைத்து உள்ளே போனபோதுதான் அடுத்த விஷயம் தெரிந்தது. சமையலறையில் அடுப்பு இல்லை. அடுப்பு மட்டுமல்ல, அலுமாரி இல்லை, கைகழுவும் தொட்டி இல்லை, கூரையில் விளக்கு இல்லை, வெறும் வயர் தொங்கியது. இந்த நாட்டில் வீடு மாறுகிறவர்கள் சமையலறையையே கழற்றிக்கொண்டு போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வாரமாக அந்த வீட்டுக்குள் எட்டிப்பார்க்காத எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா கெல்லருக்கு ஓடினார். அங்கே பெட்டிகளுக்கு அடியிலிருந்து, முகாமில் பாவித்த ஒற்றைத் தட்டு மின்னடுப்பைக் கிளறி எடுத்துவந்தார். அது சூடாகவே பத்து நிமிடம் எடுத்தது. பெரியம்மா மணிக்கூட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். கடைசியில் பால் பொங்கித் தட்டில் வழிந்து கரிந்தது. வெறும் சுவர்களுக்குள் அந்தக் கரிந்த பால் மணம் பல நாள் நின்றது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். பிறகு பிள்ளையாருக்குப் பின்னால் இருந்த மட்டையைப் பெரியம்மா கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். நான்தான் கீழே போய் ஒட்டினேன். மறுநாள் அந்தப் பெட்டிக்கு முதன்முதலாக வந்தது ஒரு சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்.

அன்று பகலே அப்பா நகராட்சியில் பதிந்து பத்திரம் எடுத்தார். கடிதம் வராவிட்டாலும் பரவாயில்லை, நேரில் போய்க் கேட்போம் என்று வெள்ளிக்கிழமை காலை மூன்று பேருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தம்பியைப் பெரியம்மாவிடம் விட்டிருந்தோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை. அம்மா தன் நல்ல சேலை. கொக்கு அதே ஒற்றைக் காலில் நின்றது. அம்மாவுக்கு அதைக் காட்டினேன். "பாவம், எத்தினை வருசமா நிக்குதோ," என்றார்.

செயலாளர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்றார். கோபமில்லை, பதறினார். ஒரு கோப்பைத் திறந்து, இரண்டு கடித உறைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டிலும் அப்பாவின் பத்தொன்பது எழுத்துப் பெயர் தட்டச்சில் அடித்திருந்தது. இரண்டிலும் அந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை என்று தபால்காரரின் முத்திரை குத்தியிருந்தது. முதல் கடிதம் திரும்பி வந்ததும் இரண்டாவது அனுப்பினோம், அதுவும் வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை வரை வைத்திருந்தேன், புதன்கிழமை இடத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார். வகுப்பில் ஒரு கதிரைகூடப் போட முடியாதாம். அவர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

அப்பாவும் அம்மாவும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நான்தானே காதும் நாக்கும்.

மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. இதோ பாருங்கோ உங்கட ஆடி என்று சொல்லிவிடலாம். அம்மா, மேசையில் இருந்த கள்ளிச்செடிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேலைத் தலைப்பில் முதல் நாள் பொங்கிய பாலின் பொட்டு ஒன்று காய்ந்திருந்தது.

"இடம் முடிஞ்சுதாம்," என்றேன்.

"கடிதம் எழுதுவம் எண்டவை?" என்றார் அப்பா.

"அவை ஒருத்தருக்கும் எழுதேல்லையாம்."

செயலாளர் ஒன்றும் விளங்காமல் அந்த உறைகளைத் திரும்பக் கோப்புக்குள் வைத்தார். திரும்பும் வழியில் அந்தக் கொக்கை நான் பார்க்கவில்லை.

அப்பா அன்றிலிருந்து முப்பத்தைந்து வருடமாக, அந்தப் பள்ளிக்கூடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவந்தார். கருப்புத் தோல் என்றபடியால் எழுதாமல் விட்டார்கள் என்பார். அப்படி நடந்த இடங்கள் எத்தனையோ உண்டு, ஆனால் அந்தச் செயலாளர் பாவம். நான் பக்கத்தில் இருந்துகொண்டு தேநீர் குடிப்பேன். நான் ஹௌப்ட்ஷூல போனேன். அங்கே கண்ணாடி அலுமாரியில் உதைபந்தாட்டக் கோப்பைகள் இருந்தன. பிறகு பல் கட்டும் கூடத்தில் தொழில் பழகினேன். இருபத்தாறு வயதில் வேலை முடிந்த மாலைகளில் படித்து, கிம்னாசியம் பிள்ளைகள் பத்தொன்பதில் எழுதும் பரீட்சையை எழுதிப் பாஸ் பண்ணினேன். அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் போகத் தெம்பு இருக்கவில்லை. இன்றும் மற்றவர்களுக்குப் பல் செய்கிறேன். நல்ல பற்கள். வாழ்க்கை கெட்டுப்போகவில்லை, ஆனால் எனக்கு வைத்திருந்த கதிரையில் வேறு ஒரு பிள்ளை போய் உட்கார்ந்தது.

உண்மையைச் சொன்னால், அந்தப் பொய்யைச் சொன்ன நாளிலிருந்து எனக்குள் ஒரு தலைக்கனமும் இருந்தது. அம்மாவுக்குத் தெரியவே கூடாத ஒன்றை நான் ஒருத்தியாகச் சுமக்கிறேன் என்ற தலைக்கனம். அம்மா நாள் பார்க்கும்போதெல்லாம், ராகு காலம் கழியட்டும் என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொல்லமாட்டேன். என்ன பெருந்தன்மை பாருங்கள்.

போன கோடையில் நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு எடுத்தேன். ஒப்பந்தம் ஆகஸ்ட் முதலாம் தேதியிலிருந்து. வேண்டுமென்றே அப்படிச் செய்யவில்லை, ஆனால் தேதியைக் கண்டபோது எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது உண்மை. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நாற்பத்தேழு வயதில் சொல்வதற்கென்று ஒரு முழுப் பேச்சைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஓம் பிள்ளை, சரி," என்று வைத்துவிட்டார். என் பேச்சு வீணாகிப்போனது.

முதலாம் தேதி காலை பெட்டிகளோடு போய் இறங்கினேன். கட்டடத்தின் வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே தபால் பெட்டிகளுக்கு முன்னால் அம்மாவும் அப்பாவும் நின்றார்கள். அம்மாவுக்கு எழுபத்தைந்து. இரண்டு டிராம் மாறி வந்திருக்கிறார்கள். அம்மா குதிக்காலை உயர்த்தி நின்று எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார். அப்பா, பெயரை ஒரு காலத்தில் நகத்தால் உரித்தெடுத்த அதே அப்பா, நாடாச் சுருளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பால் பெட்டி மட்டையில் வெட்டியெடுத்த ஒரு துண்டு. அதில் ஜெர்மன் எழுத்தில் எங்கள் பெயர். அம்மாவின் கை. தன் கையெழுத்தைத் தவிர அந்த எழுத்தில் எதையும் எழுதியிராத அம்மா, பத்தொன்பது எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்திருந்தார். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

"என்னம்மா இது? ஆடியெல்லோ?" என்றேன். நக்கலாகத்தான் கேட்டேன்.

"பேர் வெளியிலதானே ஒட்டுறது. வெளியில ஒட்டுறதுக்கு ஆடி என்ன செய்யும்?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நாடாவை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு கடிதம் திரும்பிப் போனது போதும்."

இரண்டு. அந்த எண்ணிக்கையை நான் அப்பாவிடம் சொன்னதில்லை, பெரியம்மாவிடம் சொன்னதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் காலை அம்மா கள்ளிச்செடிச் சட்டியைத்தான் பார்க்கிறார் என்று நான் முப்பத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் சட்டிக்குப் பக்கத்தில் அவருடைய பெயரோடும் முத்திரையோடும் இரண்டு உறைகள் கிடந்தன. அதை விளங்கிக்கொள்ள ஜெர்மன் தெரியவேண்டியதில்லை. நான் சொன்ன பொய்யையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்தக் கடிதம்?" என்றார்.

"ஒண்டுமில்லை, நீங்கள் நாடாவை வெட்டுங்கோ," என்றார் அம்மா.

மேலே வாருங்கள், இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். நான் அப்படிக் கேட்டதற்கு அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, புத்தி கெட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஆடியில நான் வீட்டுக்குள்ள வரமாட்டன். ஆவணி பிறக்கட்டும், நாள் பாத்துச் சொல்லுறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது. கண்ணும் கலங்கியது. மூன்றும் ஒன்றாக வந்தால் ஒரு மனுசி என்ன செய்ய முடியும்? அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்தபடி வாசலுக்கு நடந்தார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, மேல் மூலை கிளம்புது. நல்லா அமத்திவிடு."

நான் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, பெருவிரலால் அமத்தினேன்.